ஊசியக்கா எறிந்த கல்

குரங்கு கடித்து வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே வசனம்தான். "நான் ஒண்ணுமே பண்ணல சிஸ்டர், அதுவா வந்து கடிச்சுது." பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட் அப்போதும் கையில் இருக்கும். பையிலிருந்து வாழைப்பழம் எட்டிப் பார்க்கும். ஆனாலும் ஒன்றுமே பண்ணியிருக்க மாட்டார்கள். பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

என் மனைவி அவர்களைக் குழாயடிக்கு இழுத்துப் போய், சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் காயத்தைக் கழுவுவாள். கழுவிக்கொண்டே கேட்பாள். "கடிக்கிறதுக்கு முன்னாடி பல்லைக் காட்டிச்சா?"

"ஆமா சிஸ்டர். நல்லாத்தான் சிரிச்சுது. சிரிச்சுட்டே வந்து கடிச்சுருச்சு."

இந்தப் பதிலைக் கேட்டதும் அவள் சோப்பை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பாள். அது வைத்தியத்தில் சேர்ந்ததா கோபத்தில் சேர்ந்ததா என்று நான் விசாரித்ததில்லை.

சரணாலயத்தின் வாசலில், டிக்கெட் கவுண்டருக்கும் கழிப்பறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு முதலுதவி அறை. உள்ளே ஒரு கட்டில், ஒரு மேஜை, தடுப்பூசி மருந்து வைக்கிற சின்ன ஃப்ரிட்ஜ். ஜன்னலுக்குக் கம்பி வலை. அதில் பல வருடமாக அவள்தான் நர்ஸ். வாசலில் வேலை செய்கிற எல்லாருக்கும் அவள் ஊசியக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் சம்பளம் போடுகிற கிளார்க்கே கொஞ்சம் யோசிப்பார். நான் அதே வாசலிலிருந்து சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் ஒரு சுற்று சுற்றி வருகிற பஸ்ஸின் டிரைவர்.

அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில். எனக்கும் ஒன்றும் குறைவில்லை. ஆனால் என்னுடைய கோபமெல்லாம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் திட்டுவதோடு சரி. பஸ் ஜன்னல் வழியாகச் சிப்ஸ் பாக்கெட்டை வீசுகிறவனை, அவனுடைய பரம்பரையையும் சேர்த்து, சத்தமில்லாமல் திட்டித் தீர்த்துவிட்டு, "பார்த்து இறங்குங்க சார்" என்று சொல்கிற ஜாதி நான். அவள் அப்படி இல்லை. முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். "அது சிரிக்கல சார். பயந்து நடுங்குது. உதட்டைப் பின்னாடி இழுத்துப் பல்லைக் காட்டினா, என்னை விட்டுடுன்னு கெஞ்சுதுன்னு அர்த்தம். ஓட வழி இருந்தா ஓடும். இல்லன்னா கடிக்கும். உங்களை யாராவது மூலையில தள்ளி நிறுத்தினா நீங்க என்ன பண்ணுவீங்க?"

கேட்டவர்கள் தலையாட்டிக்கொண்டு போய், கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, வாசல் குரங்கோடு இன்னொரு படம் எடுத்துக்கொள்வார்கள்.

வாசல் குரங்கு என்றால் மேனேஜரம்மா. புருவத்துக்கு மேல் ஒரு பழைய தழும்பு உள்ள பெண் குரங்கு. காலையில் கேட் திறப்பதற்கு முன்பே டிக்கெட் கவுண்டரின் தகரக் கூரையில் வந்து உட்கார்ந்து, யார் யார் லேட்டாக வருகிறார்கள் என்று பார்க்கிற மாதிரி பார்க்கும். அதனால் அந்தப் பெயர். என் மனைவி அதற்கு ஒரு கடலைகூடப் போட்டதில்லை. கிட்டப் போனதில்லை, விரட்டியதும் இல்லை. "அது வேலையை அது பார்க்கட்டும், என் வேலையை நான் பார்க்கிறேன்" என்பாள். ஆனால் அது குட்டி போட்ட அன்று பஸ்ஸை நான் நிறுத்தக்கூட இல்லை, ஓடி வந்து ஜன்னலைத் தட்டிச் சொன்னாள். எங்கள் வீட்டிலேயே பிரசவம் நடந்த மாதிரி அன்று முழுக்க அவள் முகம் இருந்தது.

இனி அவளுடைய தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

அவர்களுடைய அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. அக்காதான் குளிப்பாட்டினாள், அக்காதான் ஊட்டினாள். எங்களுக்குக் கல்யாணமான கையோடு அவனும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். அவன் என்னை மாமா என்பான், நான் அவனை மாப்பிள்ளை என்பேன். எங்களுக்குப் பிள்ளை இல்லாத குறையை அவன்தான் தீர்த்தான். படிப்பு ஏறவில்லை. படம் எடுப்பதில் ஆசை என்றான். கேமரா வாங்கிக் கொடுத்தவள் அவள். வாசலில் படம் எடுக்க பர்மிட் வேண்டும் என்று வனத்துறை ரேஞ்சரின் அறை வாசலில் போய்ப் போய் நின்றவளும் அவள். கல்யாணம் ஆனதும் எங்கள் மாடியிலேயே குடித்தனம் வைத்தான். யாரிடமும் குரலை உயர்த்தாதவன், கலகலப்பானவன். அப்படிப்பட்டவன் மேல் கோபப்படுவது சுலபம் இல்லை.

வாசலில் அவன் படத்துக்குத்தான் கிராக்கி. மற்ற படக்காரர்கள் எடுத்தால் குரங்கு எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். இவன் எடுத்தால் குரங்கு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாப் பல்லும் தெரிய 'சிரிக்கும்'. என்ன மாயம் என்று எல்லாரும் கேட்பார்கள். மாயம் ஒன்றும் இல்லை. ஒரு கையில் கடலை. மேனேஜரம்மா வரும், ஆள் பக்கத்தில் உட்காரும். அப்போது முதுகுப்புறம் இடுப்பில் செருகியிருக்கிற உண்டிவில்லை எடுத்துக் காட்டுவான். என்றைக்கோ ஒருமுறை அதால் அடி வாங்கியிருக்கிறது போல. பார்த்த மாத்திரத்தில் உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டும். கிளிக். உடனே உண்டிவில் மறைந்துவிடும், கடலை வந்துவிடும். ஓடவும் மனசு வராமல் இருக்கவும் முடியாமல் அது குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சுற்றி நின்று எல்லாரும் கைதட்டுவார்கள்.

இது என் மனைவிக்குத் தெரியாது. அவளுடைய அறைக் கதவு அந்தப் பக்கம் பார்த்து இல்லை. அக்கா வெளியே வந்தால் உண்டிவில் சட்டைக்குள் போய்விடும். குரங்கு பல்லைக் காட்டுகிறது என்று மட்டும் அவளுக்குத் தெரியும், கூட்டத்தைப் பார்த்துப் பயப்படுகிறது என்று நினைத்தாள். அதனால் ரேஞ்சரை விடாமல் நச்சரித்து ஒரு பலகை வைக்கச் செய்தாள். பல்லை இளிக்கிற குரங்கு முகம் ஒன்றை ஆள் உயரத்துக்கு வரைந்து, கீழே 'இது சிரிப்பு அல்ல, பயம். விலகி நில்லுங்கள்' என்று எழுதியிருந்தது.

நடந்ததைச் சொன்னால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். வந்தவர்கள் எழுத்தைப் படிக்கவில்லை. படத்தைப் பார்த்தார்கள். படம் எடுத்துக்கொள்ள அரசாங்கமே இடம் போட்டுக் கொடுத்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். பலகைக்கு முன்னால் வரிசையில் நின்று, அந்தக் குரங்கு மாதிரியே பல்லை இளித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். என் மாப்பிள்ளையும் கடையை அந்தப் பலகைக்கு அடியிலேயே மாற்றிவிட்டான். தலைக்கு மேலே வரைந்த குரங்கு, பக்கத்தில் நிஜக் குரங்கு, இரண்டுக்கும் ஒரே இளிப்பு. வியாபாரம் இரண்டு மடங்கு ஆனது.

விடுமுறை நாள் ஒன்றில் ஒரு சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு அவளுடைய அப்பா முதலுதவி அறைக்குள் ஓடி வந்தார். முழங்கைக்குக் கீழே கடி. நான் அடுத்த சுற்றுக்கு நேரம் இருந்ததால் அங்கேதான் இருந்தேன். அப்பா ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, "வெறி புடிச்ச குரங்கு, குழந்தையைத் தாக்கிருச்சு, வீடியோ அனுப்பியிருக்கேன் பாரு" என்று யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். என் மனைவி பிள்ளையைக் குழாயடியில் உட்காரவைத்துக் கழுவ ஆரம்பித்தாள். அழுகை கொஞ்சம் அடங்கியதும் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"சிரிச்சுது ஆன்ட்டி," என்றது பிள்ளை. "போட்டோ அங்கிள் ரப்பர் கட்டின குச்சியைக் காட்டினா சிரிக்கும். எல்லாருக்கும் சிரிச்சுது. எனக்கும் சிரிச்சுது. நான் குட்டிப் பாப்பாவைத் தொட்டேன்."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. என் மனைவியின் கை நின்றுவிட்டது.

"என்ன குச்சிம்மா?"

பிள்ளை இரண்டு விரலை விரித்து, நடுவில் இல்லாத ரப்பரை இழுத்துக் காட்டியது. "நீ சும்மா இரு" என்று அப்பா ஒரு அதட்டல் போட்டார். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். எனக்குத் தெரியும் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. அதற்கு எனக்குத் தனியாகக் கிடைத்தது, அதை இங்கே எழுதப் போவதில்லை.

அன்று மாலையே ரேஞ்சர் அவளைக் கூப்பிட்டார். குழந்தையின் அப்பா போட்ட வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. மேலிடத்திலிருந்து போன் மேல் போன். "ஆபத்தான மிருகம்னு சொல்லிட்டாங்க சிஸ்டர். புடிக்கிற ஆளுங்க வர்றாங்க."

"புடிச்சு?"

"வேற காட்டுல விடுவோம்."

வேறு காட்டில் என்பது பேச்சுக்கு. ஆபீஸுக்குப் பின்னால் வரிசையாக இருக்கிற கூண்டுகளை அவளும் பார்த்திருக்கிறாள். முன்பு பிடித்த ஒன்று அங்கே தன் மயிரைத் தானே பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கூட்டத்தோடு பிறந்து வளர்ந்த உயிர், குட்டியோடு அதற்குள் போனால் என்ன ஆகும் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை சொன்னதை அப்படியே ரேஞ்சரிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அஞ்சு வயசுப் புள்ள சொன்னதை வெச்சு நான் மேல பேச முடியாது. உங்க தம்பியே வந்து, நான்தான் அதைச் சீண்டினேன்னு சொல்லட்டும். மிருகத்து மேல தப்பில்லைன்னு நான் அடிச்சுப் பேசுறேன். ஆனா பர்மிட் போயிடும். யோசிச்சுக்கங்க."

அவள் யோசிக்கவில்லை. நேராக வீட்டுக்கு வந்து, மாடியைப் பார்த்துக் கூப்பிட்டாள். இறங்கி வந்தவனுக்குத் தட்டு வைத்துச் சாப்பாடு போட்டாள். இரண்டு வாய் உள்ளே போகிற வரை பொறுத்தாள்.

"நாளைக்குக் காலையில ரேஞ்சர்கிட்ட போய் உண்மையைச் சொல்லிடு."

"எதைக்கா?"

"இடுப்புல செருகி வெச்சிருக்கியே, அதை."

அவன் என்னைப் பார்த்தான். நான் சாப்பிடுவதில் மும்முரமாக இருந்தேன்.

"அக்கா, பர்மிட் போச்சுன்னா என் பொழப்பே போச்சு. அவ மாசமா இருக்கா. தெரியும்ல?"

"அதுவும் குட்டியை வெச்சிருக்குடா."

"அது குரங்குக்கா."

"நீ யாரு? அதுகிட்ட கடலையைக் காட்டிக் கூப்பிட்டு, நம்பி வந்ததை மிரட்டி, அந்தப் பயத்தைப் படம் புடிச்சு வித்தவன். அந்தச் சோத்தைத்தான் நானும் தின்னுருக்கேன். எனக்குக் குமட்டுது."

அவன் எழுந்து கை கழுவினான். "சொல்றேன்க்கா" என்று முணுமுணுத்துவிட்டு மாடிக்குப் போனான். அவள் நம்பினாள். தூக்கி வளர்த்தவளுக்கு நம்புவதைத் தவிர வேறென்ன தெரியும்?

காலையில் ரேஞ்சர் அறையில் அவன் கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாக நின்றான். "நான் கூப்பிடக்கூட இல்ல சார். சும்மா நின்னுட்டிருந்தேன். அதுவா வந்து கடிச்சுது" என்றான். ஊசி போட்டுக்கொள்ள வருகிறவர்களின் அதே வசனம். அவனுடைய வாயிலிருந்தே அதைக் கேட்டதும் அவள் திரும்பி வெளியே நடந்தாள். திட்டாமல் அவள் ஒரு அறையை விட்டு வெளியே வந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிடிக்கிறவர்கள் மறுநாள் வருவதாக இருந்தது. வேலை சுலபம் என்று ஆபீஸில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். மனுஷன் கையில் தின்று பழகிய குரங்கு, பழத்தைக் கூண்டுக்குள் வைத்தால் தானாக நடந்து வந்துவிடும். அந்த வார்த்தையை அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அன்று நான் பஸ்ஸில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். அவள் வெள்ளைக் கோட்டோடு வெளியே வந்தாள். நடைபாதையில் குனிந்து ஜல்லிக் கல்லாகப் பொறுக்கிக் கோட்டுப் பை இரண்டிலும் நிரப்பினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேனேஜரம்மா வழக்கம்போலக் கூரையில் உட்கார்ந்திருந்தது. அவள் முதல் கல்லை எறிந்தாள். தகரத்தில் பட்டுச் சத்தம் எழும்பியது. குரங்கு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து அவளையே பார்த்தது. வருடக் கணக்காக ஒரு தொந்தரவும் செய்யாத ஆளாயிற்றே, அவளைக் கண்டு அது ஏன் ஓட வேண்டும்?

இரண்டாவது கல் அதன் தொடையில் பட்டது.

அந்தக் கத்தலை என்னால் எழுத முடியாது. குட்டி வயிற்றில் ஒட்டிக்கொண்டது. கூட்டம் முழுக்கக் கூரையிலிருந்தும் மரத்திலிருந்தும் குதித்தது. அவள் விடவில்லை. கார் நிற்கிற இடத்தைக் கடந்து, வேலியைக் கடந்து, காடு தொடங்குகிற இடம் வரைக்கும் துரத்திக்கொண்டே போனாள். "போ, இனிமே வராதே, போய்த் தொலை" என்று கத்திக் கத்தி எறிந்தாள். செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றுவிட்டது. முகமெல்லாம் கண்ணீர்.

சுற்றுலாக்காரர்களுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "குட்டியோட இருக்கிற மிருகத்தைக் கல்லால அடிக்கிறீங்களே, நீங்கல்லாம் மனுஷங்களா?" என்று ஒருவர் கத்தினார். அவர் கையில் பிரித்த சிப்ஸ் பாக்கெட் இருந்தது. நாலைந்து போன்கள் உயர்ந்தன. எல்லாரும் எடுத்தார்கள். ஒருவராவது ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் கேட் திறப்பதற்கு முன்பே போய் வேலியோரம் நின்று எறிந்தாள். கூண்டோடு வந்தவர்கள் பழத்தை வைத்துவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பழம் கறுத்து எறும்பு மொய்த்ததுதான் மிச்சம். ஒரு குரங்கும் வரவில்லை. கடைசியில் கூண்டைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

அதற்குள் அவளுடைய வீடியோ குழந்தையின் வீடியோவைத் தாண்டிவிட்டது. 'தாய்க் குரங்கைக் கல்லால் அடிக்கும் கொடூர நர்ஸ்'. வெறி பிடித்த குரங்கைப் பிடித்துக்கொண்டு போகச் சொன்ன அதே ஆட்கள்தான், பாவம் அந்த வாயில்லா ஜீவன் என்று கீழே எழுதியிருந்தார்கள். ஒருவர் அவளை அதே கூண்டில் அடைக்கச் சொல்லியிருந்தார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

ரேஞ்சர் வீட்டுக்கே வந்தார். மனுஷர் மோசம் இல்லை, முதுகெலும்புதான் கொஞ்சம் குறைவு. "மன உளைச்சல்ல பண்ணிட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு ஒரு நிமிஷம் போன்ல வீடியோ எடுத்துப் பேசுங்க சிஸ்டர். நான் வேலையை வாங்கித் தர்றேன்."

மாடிப்படியில் அவளுடைய தம்பி நின்றுகொண்டிருந்தான். "சொல்லிடுக்கா" என்றான். "ஒரு வார்த்தைதானே."

"அந்த ஒரு வார்த்தையைத்தான்டா உன்கிட்டயும் கேட்டேன்" என்றாள். பிறகு ரேஞ்சரைப் பார்த்தாள். "நான் மன்னிப்புக் கேட்டு வீடியோ போட்டா, அதைப் பார்த்துட்டு ஊர்ல இருக்கிறவன் எல்லாம் பரிதாபப்பட்டு ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டோட அதைத் தேடிட்டு வருவான். வேணாம் சார். கொடூரமாவே இருந்துட்டுப் போறேன்."

தம்பி அந்த மாதமே வேறு வீடு பார்த்துக்கொண்டு போனான். அவன் பர்மிட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேனேஜரம்மாவின் கூட்டம் போன பிறகு வேறு ஒரு கூட்டத்திலிருந்து ஒரு இளவட்டக் குரங்கைக் கடலை போட்டுப் பழக்கிக்கொண்டிருக்கிறான். பலகைக்கு அடியில்தான் இன்னமும் கடை. அவனுக்குப் பிள்ளை பிறந்தபோது என் மனைவி போனாள். நாத்தனாராகப் போய், தம்பி மனைவியின் தலையைத் தடவிக் கொடுத்து, பிள்ளையைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, அவன் உள்ளே வந்ததும் எழுந்து வந்துவிட்டாள்.

இப்போது ஒரு தனியார் கிளினிக்கில் பாதிச் சம்பளத்துக்கு ஊசி போடுகிறாள். நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பாள். "வாசலுக்கு வந்துச்சா?" வரவில்லை என்பேன். உயிரோடு இருக்கிறதா என்று கேட்க அவளுக்கும் வாய் வராது, தெரியாது என்று சொல்ல எனக்கும் வாய் வராது.

போன வாரம் ஓடைப் பாலத்துக்குக் கிட்டே பஸ்ஸை மெதுவாக்கினேன். யாரோ "குரங்கு, குரங்கு" என்றார்கள். பாதையோரப் பாறைமேல் மேனேஜரம்மா. புருவத்துக்கு மேலே அந்தத் தழும்பு. குட்டி வளர்ந்து முதுகில் ஏறியிருந்தது. பஸ்ஸைப் பார்த்ததும் ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு, ஓடத் தயாராக நின்றது. அப்போது பின்னால் ஒரு ஜன்னலிலிருந்து வளையல் போட்ட கை ஒன்று வெளியே நீண்டது. கையில் பிஸ்கட். "வா செல்லம், வா, வந்து வாங்கிக்கோ."

குரங்கு மரத்திலிருந்து கையை எடுத்தது. பாறையிலிருந்து ஒரு எட்டு கீழே வைத்தது.

காட்டுக்குள் ஹாரன் அடிக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் அடித்ததில்லை. அன்றைக்கு உள்ளங்கையை வைத்து அமுக்கினேன். குரங்கு எகிறிக் குதித்து மரத்துக்குள் மறைந்தது. கிளைகள் ஆடி அடங்கின. அப்போதும் கையை எடுக்கவில்லை. பஸ் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டு என்னைத் திட்டியது. அந்த அம்மா எழுந்து முன்னால் வந்தார்.

"பாவம், எப்படிப் பயந்து ஓடுது பாருங்க. உங்களுக்கு ஈவு இரக்கமே இல்லையா?"

"இல்லம்மா," என்றேன். "பிஸ்கட்டை உள்ள வெச்சுட்டுப் போய் உட்காருங்க."

திரும்பி வந்ததும் கவுண்டரில் என்மேல் புகார் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். வீட்டுக்கு வந்தேன். அவள் கேட்பதற்கு முன்பே சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"குட்டி?"

"முதுகுல இருந்துச்சு. நல்லா வளந்துருச்சு."

"பஸ் கிட்ட வந்துச்சா?"

"பிஸ்கட்டைப் பார்த்து ஒரு எட்டு வெச்சுது. ஹாரனை அமுக்கிட்டேன். ஓடிருச்சு."

அவள் முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள்.

"ருசி கண்டது. நாளைக்கும் அங்கதான் வந்து நிக்கும்," என்றாள். "வேலை போனாலும் பரவாயில்லை. நாளைக்கும் விரட்டுங்க."